அடிமைப் பெண்ணின் கரம் பற்றிய குழந்தை



அரசர்கள் இரண்டாம் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், பெயர் குறிப்பிடப்படாத ஒரு சிறுமியை நாம் சந்திக்கின்றோம். இஸ்ரயேல் நாட்டிலிருந்து கொள்ளையரால் பிடித்துச் செல்லப்பட்ட அவள், சிரியப் படைத்தலைவனான நாமானின் மனைவிக்குப் பணிவிடை செய்கின்றாள். தொழுநோயால் வருந்திய தன் எசமானனுக்கு, இறைவாக்கினர் எலிசாவிடம் நலம் உண்டு என்பதை எடுத்துரைத்தவள் அவளே. அவளது சொல்லைக் கேட்டுப் புறப்பட்ட நாமான், யோர்தானில் மூழ்கி நலமடைந்ததோடு மெய்யான இறைவனையும் அறிந்துகொண்டான். அடிமைச் சிறுமி ஒருத்தி, தன்னை அடிமையாக வைத்திருந்த வீட்டாரையே இறைவனிடம் வழிநடத்தினாள்.

இதே நிகழ்வு மறுவிதமாகவும் நடந்திருக்கின்றது என்பதை நீங்கள் அறிவீர்களா? எசமானரின் வீட்டுக் குழந்தை ஒன்று, தன்னைத் தூக்கி வளர்த்த அடிமைப் பெண்ணுக்கு இறைவனின் இல்லத்து வாசலைத் திறந்துவிட்ட வரலாறு அது. குழந்தையின் பெயர் மிம்மினா. அவளைப் பராமரித்த பணிப்பெண்ணை இன்று திருச்சபை புனித ஜோசப்பின் பக்கீத்தா என்று போற்றுகின்றது. இப்புனிதை பட்ட துன்பங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அவருக்கும் அக்குழந்தைக்கும் இடையே மலர்ந்த நட்பைப் பற்றியும், அந்த நட்புக்காக அவர் செலுத்த நேர்ந்த விலையைப் பற்றியும் இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

பெயரை இழந்த சிறுமி

ஆபிரிக்காவின் சூடான் நாட்டில், டார்பூர் பிரதேசத்தில், ஏறத்தாழ 1869ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தை வசதி படைத்தவர். ஊர்த் தலைவரின் சகோதரர். உடன்பிறந்தோர் நிறைந்த, அன்பான குடும்பம் அது. அக்காலத்தில் அடிமை வியாபாரிகள் ஆயுதங்களோடு கிராமங்களுக்குள் புகுந்து, மனிதரை ஆடுமாடுகளைப் போல் பிடித்துச் சென்றனர். முதலில் அவளது மூத்த சகோதரி பறிபோனாள். அழுகுரல் ஓய்ந்து சில ஆண்டுகள் செல்வதற்குள், ஏறக்குறைய 1877ஆம் ஆண்டில், அடுத்த இடி அக்குடும்பத்தின்மீது விழுந்தது. தோழியோடு வீட்டிலிருந்து சற்றுத் தொலைவு சென்றிருந்த அந்தச் சிறுமியை அந்நியர் இருவர் வஞ்சகமாகக் காட்டோரம் வரவழைத்து, கத்தி முனையில் கடத்திச் சென்றனர். அப்போது அவளுக்கு வயது எட்டு அல்லது ஒன்பதுதான்.

அச்சத்தினால் உறைந்துபோன அவளுக்குத் தாய் தந்தையர் இட்ட பெயரே மறந்துபோயிற்று. ஒருவரது பெயரைப் பறிப்பதென்பது அவரது வேரையே பறிப்பதற்கு ஒப்பானது. கடத்தியவர்கள் அவளுக்கு ஒரு பெயரைச் சூட்டினார்கள். பக்கீத்தா என்பது அப்பெயர். அரபு மொழியில் அதற்குப் பாக்கியம் பெற்றவள் என்று பொருள். ஏளனமாக இடப்பட்ட அப்பெயரை இறைவன் பின்னாளில் மெய்யாக்கினார்.

வழியில் தன் வயதுடைய இன்னொரு சிறுமியோடு சேர்ந்து அவள் தப்பியோடினாள். இருவரும் கைகோர்த்தபடி இரவிரவாகக் காட்டில் ஓடினர். கொடிய விலங்குக்கு அஞ்சி மரத்தில் ஏறிப் பதுங்கினர். இறுதியில் உதவுவதுபோல் நடித்த ஒருவன் அவர்களை ஆட்டுப்பட்டியில் சங்கிலியால் பிணைத்துவைத்து, மீண்டும் வியாபாரிகளுக்கு விற்றுவிட்டான். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் வெறுங்காலோடு நடத்திச் செல்லப்பட்டு, எல் ஒபெய்த் நகரச் சந்தையை அவள் அடைந்தாள்.

அங்கே செல்வந்தர் ஒருவரின் புதல்வியருக்குப் பணிவிடை செய்தாள். ஒருநாள் அவ்வீட்டு மகனின் சினத்துக்கு ஆளாகி அடிபட்டதில், ஒரு மாதத்துக்கு மேலாகப் படுத்த வைக்கோலைவிட்டு அசைய முடியாமல் கிடந்தாள். பின்னர் துருக்கியப் படைத்தளபதி ஒருவன் அவளை வாங்கினான். அவ்வீட்டில் சவுக்கடி விழாத நாளே இருக்கவில்லை. அடிமைகளின் உடலில் அடையாளம் பொறிப்பது அங்கு வழக்கம். கூரிய கத்தியினால் அவளது உடலில் 114 வெட்டுக்கள் இடப்பட்டன. தழும்பு மறையாதிருக்கும்படி அக்காயங்களில் உப்பு தேய்க்கப்பட்டது. இறக்கும்வரை அத்தழும்புகளை அவர் சுமந்தார்.

கைமாறிய உடைமை

1883ஆம் ஆண்டில் கார்ட்டூம் நகரில் இத்தாலியத் துணைத் தூதுவராக இருந்த கலிஸ்தோ லெஞ்ஞானி அவளை விலைக்கு வாங்கினார். அவ்வீட்டில் சவுக்கு இருக்கவில்லை. உடுத்துவதற்கு ஆடை வழங்கப்பட்டது. அரசியல் குழப்பத்தினால் லெஞ்ஞானி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தபோது, தன்னையும் உடன் அழைத்துச் செல்லும்படி அவள் மன்றாடினாள். செங்கடல் துறைமுகமான சுவாகின் வழியாக, 1885ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர்கள் இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்தை அடைந்தனர்.

அந்தப் பயணத்தில் லெஞ்ஞானியின் நண்பரான அவுகுஸ்தோ மிக்கியேலி என்பவரும் உடன் வந்திருந்தார். துறைமுகத்தில் கணவரை எதிர்கொண்ட அவரது மனைவி துரீனா, தனக்கும் ஓர் ஆபிரிக்கப் பணிப்பெண் வேண்டும் என்று விரும்பினார். லெஞ்ஞானியும் பக்கீத்தாவை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். துப்பாக்கியும் சவுக்கும் இல்லை. கண்ணியமான மனிதர்கள், நாகரிகமான நாடு. ஆயினும், பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஒரு பொருளைப் போல் கைமாற்றப்பட்டார். அவரது விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. கொடுமை செய்யாதிருப்பது வேறு, ஒருவரை மனிதராக மதிப்பது வேறு என்பதை இந்நிகழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

வெனிஸ் நகருக்கு அப்பால், மிரானோவுக்கு அருகிலுள்ள சியானிகோ என்ற சிற்றூரில் மிக்கியேலி குடும்பத்தினரின் மாளிகை அமைந்திருந்தது. மொழி புரியாத, எழுத்தறியாத பக்கீத்தா அங்கே தன் புதிய வாழ்வைத் தொடங்கினார். அவரைக் கண்ட ஊரார் வியந்தனர். அத்தகைய நிறமுடைய ஒருவரை அவர்களில் பலர் அதற்குமுன் பார்த்ததேயில்லை.

தொட்டிலருகே ஒரு நட்பு

1886ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அலீச்சே என்று பெயரிடப்பட்ட அக்குழந்தையை எல்லோரும் செல்லமாக மிம்மினா என்று அழைத்தனர். குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பு பக்கீத்தாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றுமுதல் அவர் அக்குழந்தைக்குச் செவிலித்தாயாகவும் தோழியாகவும் விளங்கினார்.

இந்த நட்பின் தன்மையைச் சிந்தித்துப் பாருங்கள். ஒருபுறம், உடலெங்கும் தழும்புகளைத் தாங்கிய ஓர் இளம் பெண். தாயின் முகத்தையும் தன் இயற்பெயரையும் நினைவின் இருளில் தொலைத்தவர். மறுபுறம், செல்வச் செழிப்பில் பிறந்து, பட்டுத் தொட்டிலில் துயிலும் ஒரு சிசு. ஒருவர் உடைமை, மற்றவர் உரிமையாளரின் மகள். உலகின் கணக்குப்படி இவ்விருவருக்கும் இடையே நட்பு பிறப்பதற்கு வழியே இல்லை.

ஆனால் குழந்தைகள் உலகின் கணக்கை அறியாதவர்கள். தன்னைத் தூக்கும் கரம் கறுப்பா வெள்ளையா என்று மிம்மினா பார்க்கவில்லை. அழும்போது யார் வந்து அணைத்துக்கொண்டாரோ அவரே அவளுக்கு உலகம். அக்குழந்தை மழலை பேசிய நாட்களில் பக்கீத்தாவும் அப்பிரதேசத்தின் பேச்சுமொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில், ஒரே காலத்தில், ஒரே மொழியை இருவரும் பயின்றனர். பெரியவர்களுக்கு முன்னால் ஒரு சொல் பிழைத்தாலே நாணிக் குறுகும் நிலையில் இருந்த ஒருவருக்கு, தன்னைப் போலவே சொற்களைத் தேடித் தடுமாறும் ஒரு சிறிய தோழி கிடைத்தது எத்துணை பெரிய ஆறுதலாய் இருந்திருக்கும்!

கடத்தப்பட்ட நாளிலிருந்து பக்கீத்தாவை நோக்கி நீண்ட கரங்கள் பெரும்பாலும் பிடிப்பதற்கும், அடிப்பதற்கும், விலை பேசுவதற்குமே நீண்டன. இப்போது ஒரு பிஞ்சுக் கரம் எதையும் பறிக்காமல், எதையும் கட்டளையிடாமல், அன்பு ஒன்றையே நாடி அவரை நோக்கி நீண்டது. இறைவனின் அன்பை எவரும் அவருக்கு எடுத்துரைப்பதற்கு முன்பே, அந்த அன்பின் ஒரு துளியை இறைவன் ஒரு குழந்தையின் கரத்தில் வைத்து அனுப்பினார் என்றுதான் எனக்குத் தோன்றுகின்றது. சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி பணித்த ஆண்டவர், சில வேளைகளில் தாமே சிறுபிள்ளைகளின் வழியாக நம்மிடம் வருகின்றார் அல்லவா?

சிலுவையும் கன்னியர் மடமும்

மிக்கியேலி குடும்பத்தின் சொத்துக்களை நிர்வகித்து வந்தவர் இலுமினாத்தோ கெக்கினி என்ற பக்தியுள்ள மனிதர். பக்கீத்தாவைத் தன் மகளைப் போலக் கருதிய அவர், ஒருநாள் அவருக்குச் சிறியதொரு வெள்ளிப் பாடுபட்ட சுரூபத்தை அன்பளிப்பாக வழங்கினார். அதைக் கொடுக்கும்போது அவர் பயபக்தியோடு முத்தமிட்டதையும், இறைமகனாகிய இயேசு நமக்காக இறந்தார் என்று விளக்கியதையும் பக்கீத்தா என்றும் மறக்கவில்லை. அதன் பொருள் முழுமையாக விளங்காதபோதும், அச்சிலுவையை அவர் மறைத்துவைத்து அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். அடிக்கப்பட்டு, காயப்பட்டு, ஆடை களையப்பட்டு நிற்கும் அந்த உருவத்தில் தன் வாழ்வோடு ஒத்த ஏதோ ஒன்றை அவர் இனங்கண்டிருக்க வேண்டும்.

சிறு வயதிலேயே விண்மீன்களையும் நிலவையும் பார்த்து, இவற்றுக்கெல்லாம் எசமானர் யாராக இருக்கக்கூடும் என்று அவர் வியந்ததுண்டு. அந்த எசமானரைக் காணவும், அவருக்கு வணக்கம் செலுத்தவும் அவரது உள்ளம் ஏங்கியது. பல எசமானர்களின் கைகளில் துன்புற்ற பெண், உண்மையான எசமானரைத் தேடிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் சுவாகின் நகரில் பெரியதொரு விடுதியை வாங்கிய மிக்கியேலி, குடும்பத்தோடு அங்கேயே குடியேறத் தீர்மானித்தார். இத்தாலியில் இருந்த சொத்துக்களை விற்கும் அலுவல்கள் நீண்டுகொண்டே போயின. 1888ஆம் ஆண்டின் இறுதியில் துரீனா அம்மையார் கணவரிடம் செல்ல வேண்டியிருந்தது. வீடோ ஏற்கனவே விற்கப்பட்டிருந்தது. குழந்தையையும் பணிப்பெண்ணையும் எங்கே விட்டுச் செல்வது என்ற கேள்வி எழுந்தபோது, கெக்கினி ஓர் ஆலோசனை கூறினார். அதன்படி, 1888 நவம்பர் 29ஆம் திகதி, மிம்மினாவும் பக்கீத்தாவும் வெனிஸ் நகரிலிருந்த கனோசியன் அருட்சகோதரிகளின் திருமுழுக்கு ஆயத்த இல்லத்தில் ஒப்படைக்கப்பட்டனர்.

இறைவனின் வழிகள் எத்துணை நுட்பமானவை என்று பாருங்கள். அது திருமுழுக்குப் பெற விரும்புவோருக்கு மறைக்கல்வி வழங்கும் இல்லம். தம் மகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும் என்பதே அந்தத் தாயின் எண்ணம். குழந்தை அங்கே தங்குவதானால், அவளைப் பராமரிப்பவரும் தங்கியாக வேண்டும். மிம்மினா என்ற அக்குழந்தை இல்லையென்றால் பக்கீத்தாவுக்கு அந்த வாசல் திறந்திருக்குமா? இரண்டு வயதும் சில மாதங்களுமே நிரம்பிய ஒரு குழந்தை, தான் செய்வது இன்னதென்று அறியாமலே, தன் தோழியின் கையைப் பிடித்து அவளை இறைவனின் வீட்டுக்குள் அழைத்துச் சென்றாள். நாமானின் வீட்டுச் சிறுமியை இங்கே மீண்டும் நினைவுகூருங்கள்.

அங்கே அருட்சகோதரி மரியா பப்ரெத்தி பொறுமையோடு பக்கீத்தாவுக்கு மறைக்கல்வி புகட்டினார். சிறுவயதுமுதல் பெயர் தெரியாமல் தாம் உணர்ந்து வந்தவர் யார் என்பதை பக்கீத்தா அங்கே அறிந்துகொண்டார். விண்மீன்களின் எசமானர் சவுக்கை ஏந்தியவர் அல்லர். தாமே சவுக்கடி பட்டவர். அவர் தம்மை அறிந்திருக்கின்றார், தம்மை அன்பு செய்கின்றார், தமக்காகக் காத்திருக்கின்றார் என்ற நற்செய்தி அவரது உள்ளத்தை நிறைத்தது.

இரண்டு அன்புகளுக்கு நடுவே

ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. துரீனா அம்மையார் இத்தாலிக்குத் திரும்பி வந்தார். மகளையும் பணிப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு சுவாகின் செல்வதற்கான ஆயத்தங்கள் நிறைவடைந்திருந்தன. அதுவரை எந்த எசமானரின் கட்டளையையும் மீறியிராத பக்கீத்தா, முதன்முறையாக மறுப்புத் தெரிவித்தார். தாம் இன்னும் திருமுழுக்குப் பெறவில்லை என்றும், அருட்சகோதரிகளை விட்டு வரப்போவதில்லை என்றும் உறுதியாகக் கூறினார்.

இந்த முடிவு அவருக்கு எளிதாக இருந்தது என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. கொடிய எசமானனை விட்டு விலகுவது எளிது. அன்பு காட்டியவரை விட்டு விலகுவதோ கடினம். துரீனா அம்மையார் அவரை அடித்ததில்லை. அம்மையார் கெஞ்சினார், கோபித்தார், நன்றி கெட்டவள் என்ற பொருளில் கடிந்துகொண்டார். இவை எல்லாவற்றிலும் கூரிய அம்பு வேறொன்று இருந்தது. தாம் மறுத்தால் மிம்மினாவைப் பிரிய வேண்டும். கைக்குழந்தையாகத் தூக்கி வளர்த்து, நடை பழக்கி, மொழி பழக்கிய அப்பிள்ளையை இனி ஒருபோதும் காண முடியாமல் போகலாம். தாயும் தந்தையும் உடன்பிறந்தோரும் பறிபோன பின்னர், அவருக்கென்று இவ்வுலகில் கிடைத்த ஒரே உறவு அதுதானே?

விடயம் பெரிதாயிற்று. கன்னியர் மடத்தின் தலைவி திருச்சபை அதிகாரிகளின் உதவியை நாடினார். 1889 நவம்பர் 29ஆம் திகதி, அவ்விருவரும் அவ்வில்லத்தினுள் நுழைந்து சரியாக ஓராண்டு நிறைவடைந்த நாளிலே, வெனிஸ் மறைமுதுவர் கர்தினால் தொமெனிக்கோ அகொஸ்தீனி அவர்களும் அரசின் சட்ட அதிகாரியும் பிரசன்னமாயிருக்க விசாரணை நடைபெற்றது. இத்தாலியச் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்றுக்கொள்ளவில்லை என்றும், ஆகவே பக்கீத்தா எவருக்கும் சொந்தமானவர் அல்லர் என்றும், வயது நிறைந்தவராகையால் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் தீர்ப்புக் கூறப்பட்டது.

வாசகர்களே, இதனைச் சற்று நின்று சிந்தியுங்கள். ஜெனோவாத் துறைமுகத்தில் கால் பதித்த நாள்முதலே சட்டத்தின் முன் அவர் சுதந்திரப் பெண்ணாகவே இருந்தார். நான்கரை ஆண்டுகளாக அந்த உண்மையை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. சுதந்திரம் அவருடையதாக இருந்தும், அடிமையாகவே அவர் வாழ்ந்து வந்தார். நம்மில் எத்தனை பேர் இதே நிலையில் இருக்கின்றோம்! கிறிஸ்து நம்மை மீட்டுவிட்டார் என்பதை அறியாதவர்களாக, பழைய அச்சங்களுக்கும் பழைய பாவங்களுக்கும் இன்னும் ஊழியம் செய்துகொண்டிருக்கின்றோம் அல்லவா?

தீர்ப்பு வழங்கப்பட்டது, ஆனால் அவ்வறையில் மகிழ்ச்சி ஆரவாரம் எழவில்லை. துரீனா அம்மையார் கோபத்தினாலும் துயரத்தினாலும் அழுதார். மிம்மினாவோ தன் தோழியை இறுகப் பற்றிக்கொண்டு விட மறுத்தாள். அவளைப் பற்றியிழுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பக்கீத்தாவுக்கும் நா எழவில்லை. அழுதுகொண்டே அவர் அக்குழந்தையைப் பிரிந்தார். மூன்று வயதும் ஒன்பது மாதங்களும் நிரம்பிய மிம்மினாவுக்குச் சட்டமும் தீர்ப்பும் எங்ஙனம் விளங்கும்? தன் நேசத்துக்குரியவள் தன்னோடு வரவில்லை என்பது மட்டுமே அவளுக்கு விளங்கியிருக்கும்.

புனிதர்களின் வாழ்வை வாசிக்கும்போது, அவர்கள் கண்ணீரின்றி முடிவெடுத்தார்கள் என்று நாம் சில வேளைகளில் நினைத்துவிடுகின்றோம். அது உண்மையன்று. தீமைக்கும் நன்மைக்கும் இடையே தெரிவு செய்வதைவிட, ஓர் அன்புக்கும் அதனிலும் பெரிய அன்புக்கும் இடையே தெரிவு செய்வதே மனித உள்ளத்தைக் கிழிக்கும் சோதனை. பக்கீத்தா அக்குழந்தையை நேசிக்காததால் பிரியவில்லை. உடைமையாகத் திரும்பிச் சென்றிருந்தால், அவர் அக்குழந்தைக்குக் காட்டும் அன்பும் ஓர் அடிமையின் கடமையாகவே எண்ணப்பட்டிருக்கும். சுதந்திரமானவரால் மட்டுமே சுதந்திரமாக அன்பு செய்ய முடியும்.

நூறு மடங்கு

1890 ஜனவரி 9ஆம் திகதி பக்கீத்தா திருமுழுக்குப் பெற்றார். அன்றைய தினமே உறுதிபூசுதலையும் புதுநன்மையையும் பெற்றுக்கொண்டார். ஜோசப்பின் மார்கரெட் என்ற பெயர்களோடு, பக்கீத்தா என்பதன் பொருளைத் தாங்கிய பொர்த்துனாத்தா என்ற பெயரும் அவருக்கு வழங்கப்பட்டது. பழைய ஏற்பாட்டு யோசேப்பும் வணிகருக்கு விற்கப்பட்டவரே; தம்மை விற்றவர்களை மன்னித்தவரே. அவரது பெயரைத் தாங்கும் தகுதி இவரைவிட வேறு யாருக்கு இருந்தது? பின்னாட்களில் அந்தத் திருமுழுக்குத் தொட்டியை அவர் முத்தமிடுவதைப் பலரும் கண்டனர். தாம் இறைவனின் மகளான இடம் அதுவே என்று அவர் நன்றியோடு நினைவுகூர்வார்.

1893ஆம் ஆண்டில் கனோசியன் சபையின் நவசந்நியாசத்தில் சேர்ந்த அவர், 1896 டிசம்பர் 8ஆம் திகதி தம்மை இறைவனுக்கு வார்த்தைப்பாட்டினால் அர்ப்பணித்தார். 1902ஆம் ஆண்டில் வட இத்தாலியின் ஸ்கியோ நகரிலுள்ள மடத்துக்கு அனுப்பப்பட்டார். சிறிது காலம் தவிர, எஞ்சிய வாழ்நாளை அவர் அங்கேயே கழித்தார். சமைத்தார், தைத்தார், பூவேலை செய்தார், திருப்பண்ட அறையைப் பராமரித்தார். நெடுங்காலம் வாயிற்காப்பாளராகவும் பணியாற்றினார்.

அந்த வாசலில்தான் ஆண்டவரின் வாக்குறுதி நிறைவேறியது. தமக்காக வீட்டையும் உறவையும் பிள்ளைகளையும் விட்டுவிடுபவர் நூறு மடங்காகப் பெற்றுக்கொள்வார் என்று இயேசு வாக்களிக்கவில்லையா? மடத்துப் பாடசாலைக்கு நாள்தோறும் வந்த பிள்ளைகள் அந்த வாசலைக் கடந்தே சென்றனர். அவரது நிறத்தைக் கண்டு தொடக்கத்தில் அஞ்சிய சிறுவர்கள், விரைவிலேயே அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் அவர் மெல்லக் கைவைத்து வருடிக்கொடுப்பார். இசை போன்ற தாழ்ந்த குரலில் அவர்களோடு பேசுவார். ஊரார் அவரைக் கறுப்பு அன்னை என்று பாசத்தோடு அழைத்தனர். ஒரு மிம்மினாவை இழந்தவருக்கு ஒரு நகரத்துப் பிள்ளைகள் அனைவரையும் இறைவன் கொடுத்தார். குழந்தையைத் தாலாட்டப் பழகிய கரங்களே வாசலில் ஆசீர்வதிக்கும் கரங்களாயின.

1931ஆம் ஆண்டில் அவரது வாழ்க்கை வரலாறு நூலாக வெளிவந்தது. அதன்பின் பல நகரங்களுக்கும் அழைக்கப்பட்டுத் தமது அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார். தம்மைக் கடத்தியவர்களையும் வதைத்தவர்களையும் சந்திக்க நேர்ந்தால் முழந்தாளிட்டு அவர்களது கரங்களை முத்தமிடுவேன் என்றும், அவை நிகழ்ந்திராவிட்டால் தாம் கிறிஸ்தவராகவும் துறவியாகவும் ஆகியிருக்க முடியாது என்றும் அவர் கூறுவதுண்டு. இதனைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. அடிமை வியாபாரம் நன்மையானது என்று அவர் சொல்லவில்லை. அது கொடிய பாவம்; அதை அவரது உடலின் 114 தழும்புகளும் பறைசாற்றின. தீமையையும் வென்று நன்மையைப் பிறப்பிக்கும் வல்லமை இறைவனுக்கு உண்டு என்பதே அவரது சாட்சியம். கட்டளையிடப்பட்டபோது மறுக்கத் தெரிந்த அதே பெண்தான் மன்னிக்கவும் தெரிந்திருந்தார். அநீதிக்குப் பணிந்துபோவது மன்னிப்பு ஆகாது என்பதை அவரது வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது.

இறுதி ஆண்டுகளில் நோயுற்றுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். மரண வேதனையில் பழைய நாட்களின் பயங்கரம் திரும்பி வந்தது. சங்கிலிகள் கனக்கின்றன, சற்றுத் தளர்த்திவிடுங்கள் என்று தம்மைப் பராமரித்த சகோதரியிடம் கெஞ்சினார். எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய காயம்! சிறுவயதில் இழைக்கப்படும் கொடுமை எத்துணை ஆழத்தில் தங்கிவிடுகின்றது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் இங்கே கவனிக்க வேண்டும். இறுதியில் அன்னை மரியாளின் பெயரை உச்சரித்தவாறே, 1947 பெப்ரவரி 8ஆம் திகதி அமைதியாக உயிர்நீத்தார்.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992 மே 17ஆம் திகதி அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2000 ஒக்டோபர் 1ஆம் திகதி புனிதராகவும் பிரகடனம் செய்தார். 2015ஆம் ஆண்டுமுதல் அவரது திருநாளான பெப்ரவரி 8ஆம் நாள், மனித வியாபாரத்துக்கு எதிரான செப தினமாகத் திருச்சபையில் அனுசரிக்கப்படுகின்றது.

நமது வீட்டு வாசலில்

அன்பார்ந்தவர்களே, இவ்வரலாறு நமக்குத் தூரத்து வரலாறு அன்று. நமது நாட்டிலிருந்து எத்தனையோ தாய்மார் தம் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, மத்திய கிழக்கு நாடுகளில் பிறர் பிள்ளைகளைத் தாலாட்டுகின்றனர். மொழி புரியாத வீட்டில், பிரிவின் பாரத்தோடு, அந்நியக் குழந்தை ஒன்றின் சிரிப்பில் அவர்கள் ஆறுதல் தேடுகின்றனர். அவர்களுக்காக நாம் செபிக்கின்றோமா? அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளை நமது பங்கிலே அரவணைக்கின்றோமா?

நமது இல்லங்களிலும் பணிபுரிபவர்கள் இருக்கலாம். அவர்களை நாம் அடிப்பதில்லை என்பது மட்டும் போதுமா? அவர்களது பெயரை மரியாதையோடு அழைக்கின்றோமா? உரிய ஊதியத்தையும் ஓய்வையும் வழங்குகின்றோமா? அவர்களது விருப்பத்தை ஒருமுறையேனும் கேட்டதுண்டா? அவர்களுக்குரிய உரிமையை அவர்கள் அறியாதிருப்பது நமக்கு வசதியாக இருக்கின்றதா? நமது பிள்ளைகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். வேற்றுமை பாராட்டக் குழந்தைகள் பிறவியில் அறிவதில்லை. நம்மிடமிருந்தே அதைக் கற்றுக்கொள்கின்றனர். பெரியவர்கள் உடைமையாகக் கண்ட ஒருவரை மிம்மினா தோழியாகக் கண்டாள். விண்ணரசில் நுழைவதற்குச் சிறுபிள்ளைகளைப் போல் ஆக வேண்டும் என்று ஆண்டவர் பணித்ததன் பொருள்களுள் இதுவும் ஒன்று.

பெயரிழந்த சிறுமிக்குப் பிள்ளைக்குரிய பெயரைத் தந்த இறைவா, அந்நிய வீடுகளில் உழைக்கும் ஒவ்வொருவரையும் உமது கரத்தில் வைத்துக் காத்தருளும். எங்கள் பிள்ளைகளின் கண்களால் அவர்களைக் காணும் வரத்தை எங்களுக்குத் தாரும். புனித ஜோசப்பின் பக்கீத்தாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.